கைநூல் எழுதும் கலை – 7: குறியிடும் கருவிகளைக் கூட்டுதல்

பரமக்குடியிலிருந்து வைகையைக் கடந்து எமனேசுவரத்துத் தெருக்களில் காலை வேளையில் நடந்து செல்பவர்கள், ஒரு வீட்டில் தறி ஓசையிட்டுக்கொண்டிருக்க, அடுத்த வீட்டில் தறி மௌனமாக நிற்க, அந்த மௌனமான தறிக்குப் பக்கத்தில் ஒருவர் குனிந்து உட்கார்ந்து, தீர்ந்துபோன பாவின் இழை நுனி ஒவ்வொன்றையும் புதிய பாவின் இழை நுனியோடு சேர்த்து விரலால் முறுக்கி இணைத்துக்கொண்டிருக்கும் காட்சியைக் கண்டிருப்பார்கள். ஒரு பாவில் ஆயிரக்கணக்கான இழைகள் உண்டு. அத்தனையும் இணைந்து, விழுதிலும் அச்சிலும் சிக்கலின்றி இழுபட்டு வந்த பிறகே நாடா ஓடத் தொடங்கும். அன்றைக்கு ஒரு முழம் துணிகூட விளைவதில்லை. ஆயினும் அந்த நாளை வீணாய்ப் போன நாள் என்று எந்த நெசவாளியும் சொல்லி நான் கேட்டதில்லை.

சென்ற இரு வாரங்களாகக் கைநூலின் மொழிநடையைப் பற்றி விஸ்தாரமாகப் பேசிவிட்டேன். எழுத உட்காருமுன் கருவிகளைக் கூட்டி வைப்பது இந்த வாரத்து விஷயம். இதற்கு இரண்டு மூன்று நாட்கள் பிடிக்கும்; அந்த நாட்களில் ஒரு பக்கமும் எழுதப்பட மாட்டாது.

இதன் அவசியத்தை நான் சிரமப்பட்டே கற்றுக்கொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன்பு, நெசவு பயிலும் பிள்ளைகளுக்காக ஜக்கார்டு தறியின் பராமரிப்பைப் பற்றி ஒரு கைநூலை, கடிதம் எழுதப் பயன்படும் சாதாரணச் சொற்செயலியில், பழைய எழுத்துருக் குறிமுறை ஒன்றில் தட்டச்சு செய்து, தலைப்புகளைத் தடித்த எழுத்தாக்கி, எச்சரிக்கைகளுக்குச் சிவப்பு வண்ணம் கொடுத்து, வேலைப் படிகளுக்குக் கையாலேயே எண் போட்டு முடித்தேன். பிறகு ஊடை நூலின் எண் 80 என்பது 100 என்று மாறியபோது, மூன்றாம் பக்கத்தில் திருத்தினேன். இருபதாம் பக்கத்து அட்டவணையில் திருத்த மறந்தேன். பயிற்சிக்கு வந்த ஒரு பெண், இரு பக்கங்களையும் விரலால் பிடித்துக்கொண்டு, “சார், இங்கே நூறுன்னு இருக்கு, அங்கே எண்பதுன்னு இருக்கு, எந்த நூலைத் தார் சுத்துறது?” என்று கேட்டாள். அவள் கேள்விக்கு வாயால் பதில் சொல்லிவிட்டேன். ஆனால் அச்சான பிரதிகள் அத்தனையும் அதே கேள்வியைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போய்விட்டன. திருத்திய பதிப்பை அச்சிட வேறொரு கணினியில் கோப்பைத் திறந்தபோதோ, அந்த எழுத்துரு அங்கே இல்லாமையால், நான் எழுதிய தமிழ் முழுவதும் அர்த்தமற்ற அந்நிய எழுத்துக்களாகத் திரையில் நின்றது.

இவ்விரு சங்கடங்களுக்கும் பரிகாரமாக உள்ள முறைக்கு எக்ஸ்.எம்.எல். என்று பெயர். அதன் தத்துவத்தை ஜக்கார்டு தறியைப் பார்த்தவர்களுக்கு விளக்குவது சுலபம். 1804ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்து லியோன் நகரத்தில் ஜக்கார்டு என்பவர் உருவாக்கிய அந்தச் சாதனத்தில், அட்டையில் துளையுள்ள இடத்தில் ஊசி நுழைய, அதன் கொக்கி உயர்ந்து இழையைத் தூக்க, துளையில்லாத இடத்தில் அட்டை ஊசியைப் பின்னே தள்ளிவிட, ஓர் அன்னமோ மாங்காயோ துணியில் விளைகிறது. அன்னத்தின் வடிவம் அட்டையில் இருக்கிறது. நூல் பட்டா பருத்தியா, வண்ணம் அரக்கா பச்சையா என்பது அட்டைக்குத் தெரியாது. அதேபோல் எக்ஸ்.எம்.எல்.-இல் எழுதுகிறவர், ‘இது சிவப்பு, இது தடிப்பு’ என்று தோற்றத்தைச் சொல்லாமல், ‘இது எச்சரிக்கை, இது வேலைப் படி’ என்று பொருளின் லட்சணத்தை மட்டும் குறியிட்டு வைக்கிறார்:

<எச்சரிக்கை>ஜக்கார்டுப் பெட்டியைத் திறக்குமுன் மிதியிலிருந்து காலை எடுத்துவிடுக.</எச்சரிக்கை>

எச்சரிக்கையைச் சிவப்பாக அச்சிடுவதா, கட்டம் கட்டுவதா, கைப்பேசித் திரையில் தனி வரியாகக் காட்டுவதா என்பதையெல்லாம் நடைத்தாள் என்னும் வேறொரு கோப்பு நிர்ணயிக்கும். ஊடை நூலின் எண்ணைக் கோப்பின் தலையில் ஒரே ஒரு முறை எழுதி அதற்கு ஒரு பெயர் சூட்டிவிட்டால், நூல் நெடுகிலும் &ஊடைநூல்; என்று எழுதினால் போதும்; தலையில் 80-ஐ 100 ஆக்கிய மாத்திரத்தில் எல்லாப் பக்கங்களும் மாறிவிடும். அந்தப் பெண்ணின் கேள்விக்கு எனக்குக் கிடைத்த உண்மையான பதில் இதுதான்.

இதன் பூர்வீகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1969இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் கோல்ட்பார்ப், மோஷர், லோரி என்ற மூவர் தங்கள் பெயர்களின் முதலெழுத்துக்களால் அமைந்த ஜி.எம்.எல். என்ற குறிமொழியைத் தொடங்கினார்கள். அதுவே வளர்ந்து 1986இல் எஸ்.ஜி.எம்.எல். என்ற சர்வதேசத் தரமாயிற்று. அது விரிவினாலேயே பாரமாகிப்போனதால், அதன் சாரத்தை மட்டும் வடித்தெடுத்து, 1998 பிப்ரவரி 10ஆம் தேதி எக்ஸ்.எம்.எல். வெளியாயிற்று. இந்தப் புதிய முறை யூனிகோடை அஸ்திவாரமாகக் கொண்டதால், தமிழ் எழுத்துக்கு அதில் முதல் நாளிலிருந்தே இடமிருந்தது.

நம் நாட்டுக்கு இது புதிதும் அன்று. அயல்நாட்டுப் பதிப்பகங்களின் விஞ்ஞான சஞ்சிகைகளில் வரும் கட்டுரைகள் பல, சென்னையிலும் புதுச்சேரியிலும் உள்ள அச்சுக்கோப்பு நிறுவனங்களில் எக்ஸ்.எம்.எல். குறியிடப்பட்டே வெளியாகின்றன, இரவுப் பணியில் அமர்ந்து அவற்றுக்குக் குறியிடுகிறவர்களில் நம் தென்மாவட்டத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். 2019இல் ஐரோப்பிய ஆராய்ச்சி மன்றத்தின் பொருளுதவியோடு தொடங்கிய தர்மா என்ற ஆய்வுத் திட்டத்தில், தமிழ்க் கல்வெட்டுக்களும் சிதைந்த எழுத்து எது, ஊகித்த எழுத்து எது என்ற பேதம் விளங்க இதே முறையில் பதிவாகியிருக்கின்றன. ஆங்கிலத்து ரசாயனக் கட்டுரைக்கும் சோழர் காலத்துக் கல்லுக்கும் கிடைத்த இந்தச் சௌகரியம், இன்று தறியில் உட்கார்ந்திருப்பவருக்காகத் தமிழில் எழுதப்படும் கைநூலுக்குக் கிடைக்க வேண்டாமா என்பதே என் ஆதங்கம். அந்த ஆதங்கத்தினாலேயே இந்தத் தொடரை எழுதுகிறேன்.

இனிக் கருவிகளுக்கு வருவோம். முதலில் எந்தக் குறிகளைப் பயன்படுத்துவது என்ற நிர்ணயம் வேண்டும். தொழில்நுட்ப நூல்களுக்கென்றே 1991இல் ஹால் கம்ப்யூட்டர் சிஸ்டம்ஸ், ஓரெய்லி என்ற இரு நிறுவனங்கள் தொடங்கிய டாக்புக் என்ற குறித்தொகுதி இருக்கிறது. ஐ.பி.எம்.-இல் பிறந்து 2005இல் தரமாக ஏற்கப்பட்ட டிட்டா என்பதும் உண்டு. நூற்றுக்கணக்கான சிறு தலைப்புகளைப் பலவிதமாகக் கோத்துப் பல நூல்கள் வெளியிடும் பெரிய ஸ்தாபனங்களுக்கு அது ஏற்றது. தனியொருவர் ஆதியிலிருந்து அந்தம்வரை ஒரே நூலாக எழுதுவதற்கு டாக்புக்கே உத்தமம் என்பது என் அபிப்பிராயம்.

எழுதுவதற்கு நான் வைத்துக்கொண்டிருப்பது ஈமாக்ஸ் என்ற உரைத்தொகுப்பி. அதற்குள் உள்ள என்.எக்ஸ்.எம்.எல். என்ற பகுதி, நாம் தட்டச்சு செய்யச் செய்யவே, இடம் தவறி வந்த குறியின் கீழே சிவப்புக் கோடிட்டுக் காட்டிவிடும். இதை இயற்றியவர் ஜேம்ஸ் கிளார்க், எக்ஸ்.எம்.எல். விதிகளை வகுத்த குழுவுக்குத் தொழில்நுட்பத் தலைவராக இருந்தவரும், ஒரு குறித்தொகுதியை மற்றொன்றாக மாற்றும் எக்ஸ்.எஸ்.எல்.டி. மொழியின் 1999ஆம் ஆண்டு விதிநூலைத் தொகுத்தவரும் இவரே. குறிகள் ஒழுங்காகத் திறந்து மூடப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்க எக்ஸ்.எம்.எல். லின்ட் போதும். டாக்புக் இலக்கணத்துக்கு நூல் இணங்குகிறதா என்று பார்க்க, அதே கிளார்க் எழுதிய ஜிங் என்ற கருவியைத் தனியாக நிறுவிக்கொள்ளும்படி சொல்வேன்; பிழை எந்த வரியில், என்ன காரணத்தால் என்று அது சொல்லும் தெளிவு முன்னதில் இல்லை. மூலத்தை இணையப் பக்கமாக்கித் தருவது எக்ஸ்.எஸ்.எல்.டி. ப்ராக். டெபியன், உபுண்டு போன்ற இயங்குதளங்களில் இவையெல்லாம் விலையின்றிக் கிடைக்கின்றன.

புதியவர்கள் மனம் தளர்ந்து கைவிடும் இடம் ஒன்றுண்டு. நடைத்தாள்களின் முகவரிகள் இணைய முகவரிகளாகவே எழுதப்பட்டிருப்பதால், கருவி ஒவ்வொரு முறையும் அவற்றைத் தேடி இணையத்துக்குப் போக முயலும். இணைப்பு அறுந்த மாலையில் ஒன்றும் விளையாமல் பிழைச் செய்தி மட்டும் திரையில் வந்து நிற்கும். இதற்காகவே கேட்டலாக் என்ற முகவரிப் பட்டியல் ஏற்பட்டிருக்கிறது. இன்ன இணைய முகவரி கேட்கப்பட்டால் நம் வட்டில் இன்ன இடத்திலுள்ள பிரதியைக் கொடு என்று அதில் எழுதி வைத்துவிட்டால், இணையம் இல்லாத வீட்டிலும் நூல் உருவாகும். அந்தப் பட்டியல் சரியாக அமைந்த பிறகே கருவி கூடிற்று என்று சொல்லலாம். ஒரு பகல் முழுவதும் இதற்கே செலவானாலும் வருந்த வேண்டாம்.

தமிழுக்கென்று பிரத்தியேகமான சில ஜாக்கிரதைகள் இருக்கின்றன. ‘கொக்கி’ என்ற சொல்லைக் கணினி, ககரத்தை முதலிலும் ஒகரக் குறியை அதன் பின்னும் வைத்துச் சேமிக்கிறது. அச்சில் கொம்பு ககரத்துக்கு முன்னும் கால் அதன் பின்னுமாகப் பிரிந்து நிற்க வேண்டும். இந்த நுட்பம் அறியாத மென்பொருளிடம் அச்சுப் பக்கத்தைக் கொடுத்தால் கொம்பு இடம் மாறி நிற்கும். ஆகையால் நான் மூலத்தை முதலில் இணையப் பக்கமாக்கி, உலாவியைக் கொண்டே பி.டி.எஃப். ஆக்கிவிடுகிறேன், உலாவிகள் தமிழைப் பிழையின்றிக் கோக்கின்றன. பொருளடைவு மற்றொரு விஷயம். யூனிகோடு வரிசையில் றகரம் லகரத்துக்கு முன்னே வருவதால், வெறும் குறியெண்ணைக் கொண்டு வரிசைப்படுத்தினால் ‘தறி’ முதலிலும் ‘தலைப்பு’ அடுத்ததாகவும் அமையும். நம் அகராதி வரிசையிலோ தலைப்புக்குப் பின்னரே தறி. இதற்கு வரிசை விதியைத் தனியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

டாக்புக்கின் குறிப்பெயர்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றனவே என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு நற்செய்தி உண்டு. குறிப்பெயர்களையே தமிழில் வைத்துக்கொள்ள எக்ஸ்.எம்.எல். விதி ஆரம்பத்திலிருந்தே இடம் தந்திருக்கிறது. முதல் பதிப்பின் விதியில் ஒரு சுவாரஸ்யமான நுணுக்கம்: ஆய்த எழுத்தை, ஓர் எழுத்தைச் சார்ந்து வரும் அடையாளங்களின் கூட்டத்தில் சேர்த்திருந்தமையால், குறிப்பெயர் ஆய்தத்தில் தொடங்கலாகாது; ‘ஃபைல்’ என்று ஒரு குறிக்குப் பெயர் வைக்க முடியாது. ஆய்தம் சார்பெழுத்து, மொழிக்கு முதலில் வாராது என்ற நம் இலக்கணமும் அதைத்தானே சொல்கிறது! 2008இல் வந்த ஐந்தாம் பதிப்பு இந்தக் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டது. தமிழிலேயே குறிப்பெயர் வைக்கும் இந்தச் சலுகையைக் கொண்டு நான் அத்தியாயம், படி, எச்சரிக்கை, படம், கருவிப்பெயர் என்று பதினெட்டுத் தமிழ்க் குறிகளை மட்டும் வைத்துக்கொண்டு, அவை ஒவ்வொன்றையும் அதற்கு நேரான டாக்புக் குறியாக மாற்றும் ஒரு சிறு எக்ஸ்.எஸ்.எல்.டி. கோப்பை எழுதி வைத்திருக்கிறேன். எழுதுகிறவர் தமிழிலேயே குறியிடலாம். உலகத்து நடைத்தாள்கள் அனைத்தும் அவருக்கு ஊழியம் செய்யும்.

கருவிகள் கூடிய பிறகு, பழைய ஜக்கார்டுக் கைநூலை முதலிலிருந்து குறியிட்டு எழுதி, ஒரு பிரதியை எமனேசுவரத்தில் நாற்பது வருஷம் தறி கண்ட பெரியவர் ஒருவரிடம் எடுத்துச் சென்றேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பெட்டியைச் சுத்தம் செய்யும் பகுதியை வரிவரியாகப் படித்தவர், ஏழாம் படியில் விரலை வைத்தார்.

“தம்பி, எண்ணெய் விட்டுட்டு அட்டையைக் கழற்றச் சொல்லியிருக்கீங்க. மொதல்ல அட்டையைக் கழற்றணும். எண்ணெய் இறங்கின அட்டை மெத்துன்னு ஆயிரும். ஊசியைத் தள்ளாது, வளைஞ்சு குடுத்துரும். பூ பூராவும் கெட்டுப்போகும்.”

“சரிங்க ஐயா, இப்பவே மாத்திடுறேன்” என்று அவர் வீட்டுத் திண்ணையிலேயே மடிக்கணினியைத் திறந்து, எட்டாம் படியை அப்படியே எடுத்து ஏழாம் படிக்கு மேலே வைத்து, ஒரு கட்டளை கொடுத்தேன். படிகளின் எண்கள் தாமே மாறின. பதினாறாம் பக்கத்தில் ‘எண்ணெய் விடுதற்கு 7ஆம் படியைக் காண்க’ என்றிருந்த குறிப்பும் 8 என்று மாறி நின்றது. பெரியவர் திரையில் அதைப் பார்த்துவிட்டு, அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

(தொடரும்)