கிளி பார்க்கப் போனால் தரையைப் பார்

கிளிப் படம் எடுக்கக் கொடும்பாளூர் போகிறேன் என்றால் எங்கள் விராலிமலையில் சிரிப்பார்கள். "மயிலை விட்டுட்டுக் கிளிக்கா?" மயில் எங்களுக்குக் கோழி மாதிரி. கிளிதான் கீச்சென்று கத்திக்கொண்டு மரத்துக்குள் நுழைந்ததும் மாயமாகிவிடும்.

கல்யாணப் படம் எடுத்துப் பிழைப்பவன் நான். முகூர்த்தம் இல்லாத நாளில் கேமராவும் கையுமாகக் கொடும்பாளூர் மூவர் கோயில் பக்கம் கிளம்பிவிடுவேன். பூதி விக்கிரமகேசரி என்ற சிற்றரசன் கட்டிய மூன்றில் இரண்டு கோயில்கள்தான் இன்று நிற்கின்றன. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும். அங்கே போகும் வழியில் ஒரு வேம்பு. முதல் வருஷம் அண்ணாந்து அண்ணாந்து கழுத்து வலித்ததுதான் மிச்சம். பச்சை இலைக்குள் பச்சைக் கிளி. ஆட்டோஃபோகஸ் இலையைத்தான் பிடிக்கும். ஓர் ஆடி மாதக் காலையில் பாதி கடித்த வேப்பம்பழம் ஒன்று என் தலையில் விழுந்தது. அன்றைக்குத்தான் புத்தி வந்தது. கிளி தின்பதைவிடச் சிந்துவது அதிகம். ஒரு கடி, கீழே. உடனே அடுத்த பழம். இப்போதெல்லாம் தரையைப் பார்த்தே நடக்கிறேன். ஈரம் காயாத கடி தெரிந்தால் அதற்கு நேர் மேலே லென்ஸ்.

தை மாதம் சோளக்காட்டில் இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். கதிரில் ஒரு கிளையை நறுக்கி, ஒற்றைக் காலில் நின்றபடி மறு காலால் பிடித்துத் தின்னும். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று விரல்கள் இருப்பதால் பிடி நழுவாது. நான் எடுத்த படங்களில் பெரும்பாலும் நொட்டாங்கால்தான். ஆஸ்திரேலியாவின் மஞ்சள் கொண்டைக் காக்கட்டூக்களும் அநேகமாக எல்லாமே இடதுகால் பேர்வழிகள். கிளியின் மேல் அலகு தனியாக மேலும் கீழும் அசையும். அதன் உட்புறம் அரம்போலச் சொரசொரப்பு. தடித்த நாக்கு மணியை உருட்டிக் கொடுக்க, உமி தனியாக உதிரும்.

கழுத்தில் கறுப்பும் ரோஜா நிறமுமாக ஆரம் இருந்தால் ஆண். ஆரம் இல்லாததெல்லாம் பெண் என்று நானும் எழுதி வைத்திருந்தேன். தப்பு. ஆண் குஞ்சுக்கு ஆரம் முழுசாக வர இரண்டு மூன்று வருஷம் ஆகும். தலை முழுக்கச் செந்நீலமாக, அலகு மஞ்சளாக இருந்தால் அது செந்தலைக்கிளி. அதில் ஆண்தான் அப்படி, பெட்டைக்குத் தலை சாம்பல் நீலம்.

சென்னையில் கேமரா பழுதுபார்க்கும் ஜோசப் சேகர், 2004 சுனாமிக்குப் பிறகு மொட்டை மாடியில் அரிசி வைத்து ஆயிரக்கணக்கான கிளிகளை வரவழைத்தவர். பார்க்க அழகுதான். எனக்கென்னவோ, கிளி தானாகத் தேடித் தின்பதைப் பார்த்தால்தான் திருப்தி. நம் ஊர்க் கிளியைப் பிடித்துக் கூண்டில் அடைப்பது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம் என்பது கூண்டு வைத்திருக்கும் பலருக்கே தெரியாது.

சோளக்காட்டு அப்பத்தாவுக்கு இதெல்லாம் வேண்டாம். "படம் புடிச்சது போதும், கையோட அதுகளை வெரட்டிவிட்டுட்டுப் போப்பா" என்று தகரத்தை நீட்டும். போன தடவை ஒரு பிரிண்ட் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணைச் சுருக்கிக் கிளியின் காலையே பார்த்தது.

"இது நம்ம வரப்போரத்துக் கருதுல்ல?"