மீசைக்காரர் தூங்குகிறார், சத்தம் போடாதீங்க!

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பின்கதவு வழியாகத்தான் நுழையப்போகிறோம். வருஷம் 1974. லண்டனை ஒட்டிய எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோவில் ‘மர்டர் ஆன் தி ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்’ ஷூட்டிங். டைரக்டர் சிட்னி லூமெட் பிற்பாடு எழுதிய ‘மேக்கிங் மூவீஸ்’ புத்தகமும், யூனிட் ஆட்கள் அங்கங்கே சொல்லிவைத்த கதைகளும்தான் நம் கையிலிருக்கும் கேட் பாஸ். ஐம்பது வருஷம் லேட். ஆனாலும் உள்ளே விட்டுவிட்டார்கள்!

அதோ, ஒரு ஆம்புலன்ஸ். பதறாதீர்கள். உள்ளே படுத்திருப்பது நம் ஹீரோ ஆல்பர்ட் ஃபின்னி. ராத்திரி லண்டனில் மேடை நாடகம், பகலில் இங்கே பெல்ஜியத் துப்பறிவாளர் ஹெர்க்யூல் பொய்ரோ. தூங்க நேரமே கிடையாது. அதனால் விடியற்காலையில் வீட்டிலிருந்து பைஜாமாவோடு அப்படியே ஆம்புலன்ஸில் ஏற்றிக் கொண்டுவந்துவிடுகிறார்கள். அவர் தூங்கத் தூங்க மேக்கப் நடக்கிறது! படிய வாரிய எண்ணெய்த் தலை, ஒட்டு மூக்கு, உடம்பைச் சுற்றித் திணிப்பு. மனுஷனுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. எழுந்து கண்ணாடியைப் பார்க்கும்போது தொப்பை போட்ட பெல்ஜியக்காரர் ஒருவர் முறைத்துக்கொண்டிருப்பார்.

அவர் எழுவதற்குள் இந்தக் கதை எங்கிருந்து பிறந்தது என்று சொல்லிவிடுகிறேன். சிரித்துக்கொண்டே சொல்லக்கூடிய கதை இல்லை. அட்லாண்டிக்கைத் தனியாளாக விமானத்தில் தாண்டி உலகப் புகழ் பெற்ற சார்ல்ஸ் லிண்ட்பெர்க்கின் 20 மாதக் குழந்தையை, 1932 மார்ச் 1 இரவு, மாடி ஜன்னலுக்கு ஏணி போட்டுத் தூக்கிக்கொண்டு போனார்கள். 50,000 டாலர் கொடுத்தும் பிள்ளை திரும்பவில்லை. மே மாதம் உடல்தான் கிடைத்தது. அந்த ரணம் ஆறுவதற்குள் 1934இல் வெளிவந்தது, இந்தப் படத்துக்கு மூலமான அகதா கிறிஸ்டியின் நாவல். லிண்ட்பெர்க் குழந்தை அதில் டெய்சி ஆம்ஸ்ட்ராங் ஆனாள், ஒரு பிரபல நடிகையின் பேத்தி. படமே அந்தக் கடத்தலில்தான் தொடங்குகிறது. பேச்சு கிடையாது, பத்திரிகைத் தலைப்புகளும் இசையும்தான். என்னைக் கேட்டால், ரயிலுக்குள் விழும் கொலையைவிட இந்தச் சில நிமிஷங்கள்தான் பயங்கரம்.

படத்துக்கு அனுமதி வாங்கியதே பெரிய சிபாரிசு வேலை. தன் நாவல்களை சினிமாக்காரர்கள் படுத்திய பாட்டில் கிறிஸ்டி அம்மையார் ஏற்கெனவே கடுப்பில் இருந்தார். தயாரிப்பாளர் ஜான் பிரேபர்ன் தன் மாமனாரைக் களத்தில் இறக்கினார். மாமனார் யார் தெரியுமா? நம்ம ஊரில் கடைசி வைஸ்ராயாக இருந்தாரே, அந்த மவுண்ட்பேட்டன்!

ரிகர்சல் ஹாலுக்குள் எட்டிப் பாருங்கள். மேஜையைச் சுற்றி யார் யார்! ஷான் கானரி, இங்க்ரிட் பெர்க்மன், லாரன் பகால், ஆன்டனி பெர்கின்ஸ். அந்தப் பக்கம் மேடை நாடகத்தின் ஜாம்பவான் ஜான் கில்குட், வெண்டி ஹில்லர், வனெஸா ரெட்கிரேவ். எல்லோரும் வசனம் படிக்கிறார்கள், ஒன்றும் காதில் விழவில்லை. முணுமுணு என்கிறார்கள். லூமெட்டுக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது: அத்தனை பேருக்கும் உதறல்! நாடகக்காரர்களைப் பார்த்து சினிமா நட்சத்திரங்களுக்கு பயம், சினிமாக்காரர்களைப் பார்த்து நாடகக்காரர்களுக்கு பயம். படிப்பதை நிறுத்தி, ‘ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை’ என்று லூமெட் போட்டு உடைத்த பிறகுதான் இறுக்கம் தளர்ந்தது. ஜேம்ஸ் பாண்டுக்கே நாக்கு ஒட்டிக்கொண்டது என்றால், முதல்நாள் ஆபீஸில் நமக்கு ஒட்டாதா?

இப்போது செட். தலையைக் குனிந்து வாருங்கள், ரயில் பெட்டி. நடைபாதையில் ஒருவர் வந்தால் இன்னொருவர் சுவரோடு சுவராக ஒட்ட வேண்டும். வெளியே பனி கொட்டுவதாகக் கதை, ஆகவே எல்லோரும் கம்பளியும் ஃபர் கோட்டுமாக இருக்கிறார்கள். மேலே ஸ்டூடியோ விளக்குகள் காய்ச்சுகின்றன. அந்தப் புழுக்கத்தை நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

கடைசிக் காட்சிதான் கொடுமை. பொய்ரோ குற்றத்தை அவிழ்க்கும் பேச்சு ஸ்கிரிப்டில் எட்டுப் பக்கம். இந்த இடுக்கில் நாலைந்து கேமரா வைக்க வழியில்லை. ஆகவே ஒவ்வொரு கோணத்துக்கும் ஃபின்னி அதே பேச்சைத் திரும்பத் திரும்பப் பேச வேண்டும். அதுவும் அரைத் தூக்கத்தில் இருக்கும் மனுஷன்!

பெர்க்மன் கதை வேறு. கொடுக்கவந்தது ரஷ்ய இளவரசி வேஷம். அவரோ ‘எனக்கு அந்த ஸ்வீடன் மிஷனரி அம்மா போதும்’ என்று சின்ன வேஷத்தைப் பிடித்துக்கொண்டார். விசாரணைக் காட்சி கிட்டத்தட்ட ஐந்து நிமிஷம், கட்டே இல்லாமல் ஒரே ஷாட், கேமரா அவர் முகத்தை விட்டு நகரவில்லை. அதற்குத்தான் மூன்றாவது ஆஸ்கர்.

வெளியூர் போவோமா? படத்தில் இஸ்தான்புல்லை விட்டு ரயில் புறப்படுகிறதே, அது பாரிஸுக்கு வெளியே ஒரு ரயில்வே ஷெட். கேமராமேன் ஜெஃப்ரி அன்ஸ்வொர்த் ராத்திரி முழுக்க லைட் வைத்தார். ரயில் நின்றால்தான் லைட் வைக்க முடியும். கிளம்பிவிட்டால் கதை முடிந்தது. ரிகர்சல் கிடையாது, விடிவதற்குள் ஒரே டேக். எடுத்துவிட்டார்கள்!

பனி பண்ணிய கூத்தைச் சொல்லாமல் விட்டால் பாவம். பிரான்ஸின் ஜூரா மலைப்பக்கம் போனால், வாரக்கணக்கில் பனியே இல்லை. செலவைப் பார்க்காமல் லாரி லாரியாகப் பனியை வரவழைக்க ஏற்பாடு. ஷூட்டிங்குக்கு முதல்நாள் ராத்திரி வானம் கொட்டித் தீர்த்தது. பனி ஏற்றி வந்த லாரிகள் பனியிலேயே மாட்டிக்கொண்டன!

இசையிலும் ஒரு சண்டை. ரயில் கிளம்பும்போது ரிச்சர்ட் ராட்னி பென்னட் குதூகலமாக ஒரு வால்ட்ஸ் போட்டார். ஹிட்ச்காக்கின் இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் கொதித்தாராம்: சாவைச் சுமந்து போகிற ரயிலுக்கு இப்படியா? அவர் சொன்னதில் நியாயம் உண்டு. ஆனாலும் அந்த வால்ட்ஸ் கேட்டால் எனக்குக் கால் தானாகத் தாளம் போடுகிறது, என்ன செய்ய?

நவம்பர் மாதம் லண்டனில் முதல் காட்சி. எலிசபெத் ராணி வந்திருக்கிறார். 84 வயது அகதா கிறிஸ்டி சக்கர நாற்காலியில் வந்து உட்கார்ந்து பார்த்தார். படம் பிடித்திருந்தது. ஒரே ஒரு குறை: பொய்ரோவுக்கு இங்கிலாந்திலேயே அழகான மீசை என்று தான் எழுதியிருக்க, திரையில் வந்தது அப்படி இல்லையே என்றார். விடியற்காலை ஆம்புலன்ஸ் விஷயத்தை அம்மையாரிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.