உறங்கும் ஹிருதயம்

‘ஹார்ட் பெயிலியர்’ என்று டாக்டர் சொல்லிவிட்டால், இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வீட்டார் மனமொடிந்து போவதை நாம் காண்கிறோம். ஹிருதயம் நின்றுவிட்டது என்று அச்சொல்லுக்குப் பொருளன்று. இரத்தத்தை வேண்டிய அளவு இறைக்க வலு போதவில்லை என்பதே பொருள். நல்ல ஹிருதயம் இடது அறையில் நிரம்பும் இரத்தத்தில் நூற்றுக்கு 55 பங்குக்குக் குறையாமல் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே தள்ளும். நோயுற்றோரில் பலருக்கு இது 40-க்கும் கீழே இறங்கிவிடுகிறது.

இராஜபாளையத்து நூற்பாலைகளை அறிந்த நேயர்களுக்கு ஓர் உவமை சொல்வோம். ஒரு கதிர் சுற்றாமல் நின்றால், அது ஒடிந்திருக்கலாம். அல்லது அதைச் சுழற்றும் நாடா நழுவியிருக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. இரத்தக் குழாய் அடைபட்டு அசையாது கிடக்கும் ஹிருதயத் தசையும் அப்படித்தான். மாண்டும் இருக்கலாம், உறங்கியும் இருக்கலாம். இவ்வுறக்கத்தை 1980-களில் வைத்திய உலகம் உணருமாறு எடுத்துரைத்தவர் பம்பாயில் பிறந்த ஷாபுதீன் ரஹிம்தூலா என்பதில் நமக்குப் பெருமையுண்டு.

உறக்கமா, மரணமா என்று அறிய உதவுவது அணுச் சித்திரம். டெக்னீஷியம் என்னும் கதிரியக்கப் பொருள் சேர்ந்த மருந்தை ஊசியால் ஏற்றுகிறார்கள். இரத்தம் பாயும் உயிருள்ள தசை அதை ஏற்றுக்கொள்ளும். அங்கிருந்து கிளம்பும் காமா கிரணங்களைக் காமிரா படமாக்கும். ஆறு மணி நேரத்தில் அதன் வீரியம் பாதியாகிவிடும்.

இதனினும் நுட்பமானது ‘பெட்’ படம். இரத்தம் குறைந்து உறங்கும் தசை, கொழுப்பை விட்டுச் சர்க்கரையை நாடும். பால்கோவாவுக்குப் பெயர்பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூரார் இதை வியக்கமாட்டார்கள்! கதிரியக்க ப்ளோரின் சேர்ந்த சர்க்கரையைச் செலுத்தினால், உயிருள்ள தசை படத்தில் ஒளிரும். மாண்டது இருண்டு கிடக்கும். அந்தச் சர்க்கரையின் வீரியமோ 110 நிமிஷங்களில் பாதியாகிவிடும். அதைச் செய்யும் ஸைக்ளோட்ரான் யந்திரத்திலிருந்து வெகுதூரம் கொண்டுசென்று சேமித்து வைக்க இயலாது. இத்தகைய படத்துக்குப் பெருநகரங்களை நாட நேர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

எனினும், படத்தில் உயிர் தெரிந்தவுடனே ரண சிகிச்சைக்கு ஓடவேண்டுவதில்லை. 2011-இல் வெளியான சர்வதேச ஆராய்ச்சி ஒன்றில், உயிருள்ள தசை மிகுந்தோர்க்கு மட்டும் ரண சிகிச்சையால் தனிப் பயன் உண்டென்பது நிலைநாட்டப்படவில்லை. மருந்துகளும் இன்று வெகுவாக முன்னேறியுள்ளன. ஆகவே, “இந்தப் படத்தின் முடிவால் சிகிச்சையில் என்ன மாறும்?” என்று டாக்டரிடம் முதலிலேயே கேட்டுவிடுவது உசிதம்.

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தம் நிலையை முன்னரே தெரிவிக்க வேண்டும். மருந்தால் ஹிருதயத்தைத் தூண்டிப் படமெடுப்பதாயின், முதல் நாளே காபியை நிறுத்தச் சொல்வார்கள். நம் வீடுகளில் பலருக்கு ஊசியைக் காட்டிலும் இதுவே பெரிய சோதனை!