எல்லைக்கோடும் ஆற்றங்கல்லும்

பனச்சமூட்டை ஒட்டிச் செல்லும் மாநில எல்லை 1956 நவம்பர் 1ஆம் நாள் உருவானது. அதற்கு முன்பு இருபுறமும் திருவிதாங்கூர் மண்ணே. அந்நாளில் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய நான்கு வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் தமிழகத்தோடு இணைந்தன. இதற்காகத் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசை வழிநடத்தியவர் பள்ளியாடியில் பிறந்த வழக்கறிஞர் மார்ஷல் நேசமணி (1895–1968). இப்போராட்டத்தின்போது 1954இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் பலர் உயிரிழந்தனர். ஆயினும், அக்கட்சி கோரிய நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. அங்குள்ள தமிழர் மொழிச் சிறுபான்மையினர் ஆயினர்.

அதே நெய்யாற்றின்கரைப் பகுதியில், அருவிப்புறத்தில், 1888ஆம் ஆண்டு சிவராத்திரியன்று நாராயண குரு ஆற்றிலிருந்து ஒரு கல்லை எடுத்துச் சிவலிங்கமாக நிறுவினார். ஈழவர் குலத்தில் பிறந்த ஒருவர் இவ்வாறு செய்வதை அக்கால வழக்கம் ஏற்கவில்லை. குரு கட்சி நடத்தியவர் அல்லர். சட்டம் இயற்றியவரும் அல்லர். அவர் மறைந்தது 1928இல். திருவிதாங்கூரில் கோயில் நுழைவு அறிவிப்பு வெளிவந்தது 1936இல். அவ்வறிவிப்புக்கு வழிவகுத்தோர் பலர். அவர்களுள் குரு முற்பட்டவர்.

நேசமணியின் வெற்றியை நாள் குறித்து வரைபடத்தில் காட்டலாம். அது எங்கே நின்றுவிட்டது என்பதையும் அதே வரைபடம் காட்டும். குருவின் பணிக்கு அத்தகைய நாளும் இல்லை, கோடும் இல்லை. 1936இல் திறந்த கோயில்கள் இன்றைய எல்லையின் இருபுறத்திலும் உள்ளன. இதனால் நேசமணியைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது. விளவங்கோட்டு உழவர் ஒருவர் தம் நிலம் பற்றிய விண்ணப்பத்தைத் தாய்மொழியிலேயே எழுதி அலுவலகத்தில் அளிக்க முடிவது அந்த இணைப்பின் விளைவே.