எல்லை தாண்டும் பிள்ளை: தாய்க்குத் துணை நிற்கும் சட்டங்கள்

விடியற்காலையில் கண்டி பஸ் நிலையத்தில் வடக்கிலிருந்து வந்து நிற்கும் பஸ்களைக் கவனியுங்கள். நோயுற்ற பிள்ளையைத் தோளில் சாய்த்தபடி இறங்கும் தாய் ஒருத்தியைக் காணலாம். மறு கையில் கிளினிக் கொப்பியும் எக்ஸ்ரே உறையும் உள்ள பை. அவள் செல்ல வேண்டிய இடம் ஏறத்தாழ ஆறு கிலோமீற்றர் தொலைவில் பேராதனையில் உள்ள சிறிமாவோ பண்டாரநாயக்க விசேட சிறுவர் வைத்தியசாலை. இரவு முழுவதும் அவள் மனதை அரித்த கேள்வி ஒன்றுதான்: "நாங்கள் வேறு மாகாணம். எங்களை இங்கே பார்ப்பார்களா?"

இந்தக் கேள்வி வெறும் பயத்தால் பிறந்ததல்ல. கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ9 பாதை 2006 ஓகஸ்டில் மூடப்பட்டபோது, வன்னியிலும் குடாநாட்டிலும் எத்தனையோ தாய்மார் நோயாளிப் பிள்ளைகளோடு வழியின்றி நின்றார்கள். 2009 பெப்ரவரி முதல் மே வரை சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் காயப்பட்டவர்களையும் நோயாளர்களையும் முல்லைத்தீவுக் கரையிலிருந்து கடல் வழியாகவே வெளியே கொண்டு வந்தது. அந்த நாட்களைக் கடந்து வந்த ஒருத்திக்கு எல்லை என்ற சொல்லே நடுக்கத்தைத் தருவது இயல்பு. எனவே சட்டம் என்ன சொல்கிறது என்பதை நாம் தெளிவாக அறிந்துகொள்வோம்.

மாகாண எல்லை தடையல்ல

1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின் மூலம் சுகாதாரத்தின் பெரும் பகுதி மாகாண சபைகளிடம் சென்றது. ஆனால் அதன் ஒன்பதாம் அட்டவணை போதனா வைத்தியசாலைகளையும் விசேட தேவைக்கான வைத்தியசாலைகளையும் மாகாணப் பட்டியலில் சேர்க்கவில்லை. அவை மத்திய அரசாங்கத்தின் பொறுப்பில் இருக்கின்றன. ஆகவே பேராதனைச் சிறுவர் வைத்தியசாலையும் கண்டி தேசிய வைத்தியசாலையும் மத்திய மாகாணத்தவருக்கு மட்டும் உரியவை அல்ல. முல்லைத்தீவுப் பிள்ளைக்கும் கலஹா தோட்டத்துப் பிள்ளைக்கும் அங்கே சம உரிமை உண்டு. சிகிச்சையும் இலவசம்.

இது எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. அமெரிக்காவில் ஏழைப் பிள்ளைகளின் வைத்தியச் செலவை ஏற்கும் மெடிகெய்ட் திட்டத்தை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக நடத்துகிறது. அரிய நோயுள்ள பிள்ளையை அயல் மாநில நிபுணரிடம் கொண்டு செல்வதென்றால், அந்த நிபுணர் பிள்ளையின் சொந்த மாநிலத் திட்டத்திலும் பதிய வேண்டும் என்ற நடைமுறையால் பல பிள்ளைகள் காத்துக் கிடந்தார்கள். இத்தாமதத்தைக் குறைப்பதற்கான சட்டமூலம் ஒன்றை அந்நாட்டுப் பிரதிநிதிகள் சபை 2024 செப்டெம்பரில் நிறைவேற்றியது. அங்கே சட்டம் இயற்றிப் பெற வேண்டிய ஒன்று எம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதை அறியாமல் இருப்பதுதான் எமது நட்டம்.

மொழி

விடுதியில் வைத்தியர் சொல்வது விளங்காமல் தலையாட்டிவிட்டு, வெளியே வந்து அழுத தாய்மார் பலர். மருந்தின் அளவு விளங்காவிட்டால் அது உயிருக்கே ஆபத்து. தமிழும் அரசகரும மொழி. சிங்களம் நிருவாக மொழியாக உள்ள பகுதியிலும் அரச அலுவலரோடு தமிழில் தொடர்பாட அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. "தமிழில் விளங்கப்படுத்துங்கள்" என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. தாதியரிடம் கேளுங்கள். பக்கத்துக் கட்டிலில் இருக்கும் தோட்டத்துச் சகோதரியிடம் கேளுங்கள். கண்டியைச் சுற்றியுள்ள தோட்டங்களில் தமிழ் பேசுவோர் நிறைய இருக்கிறார்கள். இனக்கலவரங்களின் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குச் சென்று குடியேறிய குடும்பங்களுக்கு இங்கே உறவினரும் இருக்கக்கூடும்.

செலவு

சிகிச்சை இலவசமானாலும் பஸ் காசு, சாப்பாடு, வெளியில் செய்யச் சொல்லும் பரிசோதனை, வீட்டில் விட்டுவந்த மற்றப் பிள்ளைகள் என்று சுமை கூடுகிறது. பெரிய சிகிச்சைச் செலவுகளுக்கு 1978ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட ஜனாதிபதி நிதியத்தில் உதவி கேட்கலாம். முன்பு இதற்குக் கொழும்புக்கு அலைய வேண்டியிருந்தது. 2025 பெப்ரவரி முதல் உங்கள் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்க வழி செய்யப்பட்டது. சிகிச்சைக்குப் பணம் கட்டுவதற்கு முன்னரே அங்கு சென்று விசாரியுங்கள்.

நாட்டின் எல்லை

சில பிள்ளைகளைச் சென்னைக்கோ வேலூருக்கோ கொண்டு செல்ல வேண்டி வருகிறது. கடவுச்சீட்டுக்குக் கண்டியிலும் வவுனியாவிலும் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகங்கள் உண்டு. இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயமும் கண்டியில் இருக்கிறது.

ஆனால் இங்கேதான் எமது பெண்கள் பலர் தடுமாறுகிறார்கள். பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளையின் கடவுச்சீட்டுக்குத் தாய், தந்தை இருவரின் சம்மதமும் கேட்கப்படும். தந்தை காணாமல் ஆக்கப்பட்டிருந்தால் யார் கையொப்பம் இடுவது? முன்பு மரணச் சான்றிதழ் எடுக்கும் வழியே காட்டப்பட்டது. கணவர் இறந்துவிட்டார் என்று தன் கையால் எழுதிக் கொடுக்க எந்தப் பெண்ணுக்கு மனம் வரும்? பிள்ளையின் உயிருக்காக அதையும் செய்யத்தான் வேண்டுமா?

2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் இதற்கு ஒரு வழி தந்தது. மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணப்படாமைச் சான்றிதழைப் பெறலாம். பதிவாளர் நாயகம் திணைக்களம் அதை வழங்குகிறது. அவர் இறந்துவிட்டார் என்று அது சொல்வதில்லை. காணப்படவில்லை என்றே சொல்கிறது. தந்தை கையொப்பமிட முடியாத நிலையை நிரூபிக்க அதைச் சட்டபூர்வமான ஆதாரமாக முன்வைக்கலாம். அது செல்லுபடியாகும் காலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். நோய் வந்த பின் ஓடித் திரியாமல் முன்கூட்டியே எடுத்து வைப்பது நல்லது. பிள்ளையை அம்மம்மாவோ சித்தியோ வளர்த்தால், காப்பாளர் என்பதற்கான ஆவணத்தையும் இப்போதே ஒழுங்குபடுத்துங்கள்.

நாம் செய்ய வேண்டியது

பிறப்புச் சான்றிதழ், கிளினிக் கொப்பி, நோய் விபர அட்டை, மாற்றல் கடிதம் எல்லாவற்றையும் ஒரே பையில், ஒவ்வொன்றுக்கும் போட்டோப் பிரதியோடு வையுங்கள். திடீரென நோய் கடுமையானால் 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் சேவை இலவசம்.

தூர இடத்துத் தாய்க்குப் பயணப்படி, அவள் தங்கி ஆற ஓர் இடம், விடுதிக்கொரு தமிழ் தெரிந்த ஊழியர் ஆகிய மூன்றையும் கேட்கும் பொறுப்பு எமது மாதர் சங்கங்களுக்கு உண்டு. 1991இல் இலங்கை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 24ஆம் உறுப்புரை, எந்தப் பிள்ளைக்கும் வைத்திய சேவை கிடைக்காமல் போகக்கூடாது என்கிறது. அடுத்த சங்கக் கூட்டத்தில் இந்தக் கோரிக்கைகளை எழுதி, பிரதேச செயலாளரிடம் கொடுங்கள். நாளை விடியலில் கண்டியில் இறங்கப்போகும் தாய்க்கு நாம் செய்யக்கூடிய உதவி அது.