உழவு இயந்திரத்தின் மின்கம்பி இணைப்பும் அழுத்துக் குறடும்

திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியா, குறிஞ்சாக்கேணி முதலிய இடங்களில் நெல்லும் வைக்கோலும் மரக்கறியும் உழவு இயந்திரப் பெட்டிகளில் ஏற்றிச் செல்லப்படுகின்றன. அறுவடைக் காலத்தில் இவ்வேலை இரவிலும் நடைபெறும். பெட்டியின் பின்விளக்கு எரியாதிருப்பின், பின்னால் விரைந்து வரும் வாகனத்தின் சாரதிக்கு வைக்கோற் பாரம் மிக அருகில் வந்த பின்னரே கண்ணுக்குப் புலப்படும். விளக்கு எரியாமைக்குப் பல வேளைகளில் மின்குமிழ் காரணமன்று. கம்பிகள் ஒன்றோடொன்று சேரும் இடமே காரணமாகும்.

கம்பிகளின் நுனியைச் சீவி, கையால் முறுக்கி, நாடா சுற்றிவிடுவதே பலரின் வழக்கம். குறிஞ்சாக்கேணி கடல்நீர் புகும் களப்பை ஒட்டிய ஊராதலின், உப்பீரம் அந்நாடாவின் உள்ளே எளிதிற் சென்று செம்பைப் பச்சை பூக்கச் செய்துவிடும். பசளை ஏற்றும் பெட்டிக்குத் தீங்கு இன்னும் அதிகம். எம்.ஓ.பி. எனப்படும் பொட்டாசுப் பசளை குளோரைட்டுச் சேர்ந்த உப்பே. அதன் தூள் ஈரத்தோடு சேர்ந்து உலோகத்தை அரிக்கும்.

அரிக்கப்பட்ட இணைப்பினால் விளையும் கேடு யாதென ஒரு சிறு கணக்கால் அறியலாம். 12 வோல்ற்றில் எரியும் 55 உவாற்று முன்விளக்கு ஏறத்தாழ 4.6 அம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். இணைப்பிலே அரை ஓம் தடை ஏற்பட்டால் மின்னோட்டம் 4 அம்பியர் அளவிற்குக் குறைய, 2 வோல்ற்று அவ்விடத்திலேயே வீணாகி, 8 உவாற்று வெப்பமாக வெளிப்படும். விளக்கு மங்குவது ஒருபுறமிருக்க, அவ்வெப்பம் நாடாவை உருக்கவும், அருகிற் சிக்கியிருக்கும் உலர்ந்த வைக்கோலைப் பற்றவைக்கவும் கூடும்.

இதற்குத் தக்க மாற்று, கம்பி நுனியில் முனைப்பூண் மாட்டி அழுத்துவதாகும். 'லக்' என்று கடைகளில் விற்கப்படுவது இதுவே. 1941இல் அமெரிக்காவில் தொடங்கப்பெற்ற ஏ.எம்.பி. கம்பனி வானூர்திகளுக்கும் கப்பல்களுக்கும் இத்தகைய பூண்களைச் செய்து புகழ்பெற்றது. ஈயம் உருக்கி ஒட்டுதல் இதனினும் சிறந்ததென்று கருதுவோர் உளர். அதிர்வில்லாத வானொலிப் பெட்டிக்கு அது பொருந்தும். டீசல் பொறியின் அதிர்விலோ, ஈயம் ஊறி விறைத்த இழைகள் அவ்விறைப்பு முடியும் இடத்தில் ஒடிந்துவிடும்.

பூணை அழுத்துவதற்குச் சாதாரணக் குறடோ சுத்தியலோ உதவாது. பூண் தட்டையாகுமேயன்றி இழைகளை இறுகப் பற்றாது. உரிய அழுத்துக் குறடுகள் இருவகைப்படும். மெல்லிய தகட்டில் செய்து, கம்பி சீவும் பல்லும் சேர்த்து விற்கப்படுவது மலிவானது. ஆயினும் அழுத்தத்தின் அளவு அதனைப் பிடிப்பவர் கைவலிமையைப் பொறுத்தது. பற்சக்கரப் பூட்டு உடையது விலை கூடியது. முழு அழுத்தமும் முடியுமுன் அதன் வாய் திறவாது. களைத்த கையும் புதிய கையும் ஒரே தரமான வேலையைச் செய்யும். வாங்குவதாயின் இதனையே வாங்குதல் நன்று. ஆண்டில் நான்கு நாள் மட்டுமே வேண்டப்படும் கருவியை ஒவ்வொரு வீட்டிலும் வைத்திருக்கத் தேவையில்லை. கமக்காரர் அமைப்பொன்று ஒரு குறட்டை வாங்கிப் பொதுவிற் பயன்படுத்தலாம். உறையிட்ட பூணுக்கும், இரு சோடிச் சிறகுகளுள்ள உறையற்ற பூணுக்கும் வேறு வேறு வாய்கள் வேண்டுமென்பதைக் கடையிலேயே கேட்டறிதல் வேண்டும்.

உறையிட்ட பூண்களின் நிறம் அளவைக் காட்டும். சிவப்பு 0.5 முதல் 1.5 சதுர மில்லிமீற்றர் வரையுள்ள கம்பிக்கும், நீலம் 1.5 முதல் 2.5 வரைக்கும், மஞ்சள் 4 முதல் 6 வரைக்கும் உரியன. மெல்லிய கம்பியை மடித்துத் தடித்து மஞ்சட் பூணிற் செருகுதல் தவறு. இழைகளுள் ஒன்றேனும் அறாதவாறு உறையைச் சீவி, செம்பு பூணின் மறுபுறம் சற்றே தெரியும்படி செருகி, குறட்டில் அதே நிறம் குறித்த இடத்தில் வைத்து அழுத்த வேண்டும். பின்னர்க் கம்பியைக் கையாற் பலமாக இழுத்துப் பார்க்க வேண்டும். கழன்று வந்தால் அப்பூணை எறிந்துவிட்டுப் புதியதை மாட்டுக. உட்புறம் பசை பூசிய, சூட்டிற் சுருங்கும் குழாயை மேலே இட்டால் உப்பீரம் உட்புகாது. இவ்வூருக்கு இது வீண்செலவன்று.

வேலை தொடங்குமுன் பொறியின் உடலோடு இணைந்த பற்றரி முனையை முதலிற் கழற்றி, முடிவில் அதனையே கடைசியாகப் பூட்ட வேண்டும். மாறிச் செய்தால் திறப்பு உடலில் முட்டியவுடன் பெருந்தீப்பொறி எழும். பழைய மாஸி பேர்குசன் 35 பொறிகள் சிலவற்றில் நேர்முனையே உடலோடு இணைந்திருக்கும் என்பதும் நினைவிருக்க வேண்டும்.

55 உவாற்று விளக்கு இரண்டு சேர்ந்து ஏறத்தாழ 9 அம்பியர் இழுக்கும். அதற்கு 2.5 சதுர மில்லிமீற்றர்க் கம்பியும், பற்றரிக்கு அருகில் 15 அம்பியர் உருகியும் போதும். உருகி காப்பது விளக்கையன்று, கம்பியை. அடிக்கடி உருகுகிறதென்று அவ்விடத்திற் செப்பிழையோ சிகரெட்டுப் பெட்டியின் ஈயத்தாளோ வைப்போர், கம்பி முழுவதையும் உருகியாக மாற்றுகின்றனர். தொடக்கி மோட்டாரின் தடித்த கம்பியில் நூற்றுக்கணக்கான அம்பியர் பாயுமாதலின் அதனைத் தேர்ந்த வேலையாளரிடம் விடுதலே தகும்.

லாண்ட்மாஸ்டர் என்பது ஓர் ஆங்கிலக் கம்பனியின் பெயர். இன்று எந்த இருசக்கர உழவு இயந்திரத்தையும் மக்கள் அப்பெயராலேயே வழங்குகின்றனர். இவற்றுட் பலவற்றில் பற்றரி இல்லை. சிறு மின்பிறப்பாக்கியே விளக்கை எரிக்கிறது. அதன் ஆற்றலுக்கு மிஞ்சிய விளக்குகளைப் பூட்டினால் எல்லாமே மங்கும்.

பெட்டியின் பின்விளக்குக்கு மின்னோட்டம் மீளும் வழியாகக் கொளுவும் ஆணியை நம்புவது பரவலான பிழை. துருவும் சேறும் படிந்த ஆணி சில வேளை தொடும், சில வேளை தொடாது. சமிக்கை விளக்கைப் போட்டதும் பின்விளக்கும் சேர்ந்து மினுக்கினால் குறை அவ்வழியிலேயே உள்ளது. மீளும் ஓட்டத்துக்கெனத் தனிக் கம்பியொன்றை விளக்கிலிருந்து பொறிவரை இழுத்து, இரு நுனியிலும் பூண் அழுத்தி, துருச் சுரண்டிய உலோகத்தில் திருகாணியால் இறுக்கினால் அக்குறை நீங்கும்.