சந்தனமும் பிஸ்கட்டும்

பழவேற்காடு ஏரிப் பகுதியின் கிளிஞ்சல்களைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு வெள்ளையடிக்கப் பயன்பட்ட திருவள்ளூர் மாவட்டத்தில், இன்று உட்சுவர்களுக்குப் பெரும்பாலும் எமல்ஷன், அதாவது நுண்ணிய பிசின் துளிகள் நீரில் மிதக்கும் வண்ணப்பூச்சு, பூசப்படுகிறது. அதில் வீட்டுக்காரரை அதிகம் குழப்புபவை அடர்ந்த நிறங்கள் அல்ல. 'சந்தனக் கலர்' என்றும் 'பிஸ்கட் கலர்' என்றும் சொல்லப்படும், ஷேடு கார்டில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு வெளிறிய நிறங்களே.

இரண்டுக்கும் அடிப்படை டைட்டானியம் டை ஆக்சைடு என்னும் வெண்ணிறமி. கடையின் டின்டிங் இயந்திரம் அதில் விடும் மஞ்சள், சிவப்பு, கறுப்புச் சொட்டுகளின் அளவே அவற்றைப் பிரிக்கிறது. சந்தனத்தில் மஞ்சள் ஓங்கியிருக்க, பிஸ்கட்டில் சிவப்பும் சிறிது கறுப்பும் சேர்கின்றன. இந்த மஞ்சளும் சிவப்பும் பெரும்பாலும் இரும்பு ஆக்சைடுகள். தன்னுள் நீரைக் கட்டிவைத்திருக்கும் வரை மஞ்சளாக இருப்பது, சூடேறி அந்நீரை இழந்ததும் சிவப்பாகிவிடுகிறது. பழைய இரும்பிலிருந்தே மஞ்சள் நிறமி தயாரிக்கும் முறையும் உண்டு என்பதால், கும்மிடிப்பூண்டி எஃகு ஆலைகளில் உருகும் கழிவிரும்புக்கும் சந்தனச் சுவருக்கும் உறவு கொண்டாடினால் அது வெறும் கற்பனையாகாது.

கார்டில் மயிரிழையாகத் தெரியும் வேறுபாடு அறையில் பெருகுகிறது; எதிரெதிர்ச் சுவர்கள் தம் நிறத்தை ஒன்றன்மேல் ஒன்று வீசிக்கொள்வதால், நான்கு சுவரும் பூசியபின் சந்தனம் எதிர்பார்த்ததைவிட மஞ்சளாகவும், பிஸ்கட் சற்றே இளஞ்சிவப்பாகவும் தோன்றும். விளக்கும் சும்மா இருப்பதில்லை: 6500 கெல்வின் அளவுள்ள, நீலம் கலந்த வெண்ணிற எல்.இ.டி. குழல்விளக்கில் சந்தனத்தின் மஞ்சள் மங்கி அது வெளிறிப்போக, 2700 கெல்வின் மஞ்சள் விளக்கில் அதுவே தூக்கலாகத் தெரியும். ஒரு நிறுவனத்தின் நிறத்தை மற்றொன்றில் ஒப்பிட்டுக் கலக்கும்போது, நிறமிகள் வேறாக இருப்பின், பகலில் பொருந்திய இரு பூச்சுகள் இரவில் பிரிந்து நிற்பதும் உண்டு. இதற்கு மெட்டாமெரிசம் என்று பெயர்.

ஆகவே, பட்டி தேய்த்து ப்ரைமர் அடித்த சுவரில் இரண்டு அடிச் சதுரமாக இரு நிறங்களையும், இடையே வெள்ளை விட்டு, இரண்டு கோட் அடித்துக் காயவிட்டுப் பார்ப்பதே நம்பத்தக்க சோதனை. எமல்ஷன் காயும்போது பொதுவாகச் சற்று அடர்வதால், ஈரத்தில் முடிவெடுக்கலாகாது. காலையிலும் மாலையிலும் பார்த்தால் போதும் என்ற வழக்கமான அறிவுரை கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை வட்டாரத்துக்கு முழுதும் பொருந்தாது. பகல் ஷிப்டு முடித்து இருட்டியபின் திரும்புபவர் அந்தச் சுவரைக் குழல்விளக்கில்தான் பார்க்கிறார், இரவு ஷிப்டுக்காரரோ திரை இழுத்த நண்பகல் அறையில் பார்க்கிறார்.